சொல்லற்ற ஒலி

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் பள்ளிக்கூட வாசலில் நிற்பதே ஒரு சுகம். மலைப் பக்கமிருந்து பொடித்தூறல் பறந்து வந்து முகத்தில் அப்பும். உலகம்மை டீச்சர் குடை பிடிக்க மாட்டாள். ஒரு கையில் பலகையை வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். நல்லா இருக்கேன் டீச்சர் என்று பதில் வரும். பலகையில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு பச்சைப் புள்ளி தானாக விழும். தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் மொழியில்தான் பதில் சொல்வார்கள். அவள் காதிலிருந்த செவியிழை அதையும் தமிழாக்கித் தரும். 'நலமாக இருக்கிறேன்.' அதற்கும் ஒரு பச்சைப் புள்ளி.

முந்நூறு பிள்ளைகள் ஓடியாடும் மைதானம் அது. ஆனாலும் வேப்பமரத்து மைனாக்களின் சத்தம் வாசல்வரை தெளிவாகக் கேட்கும். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. உலகம் அப்படித்தான் இருந்தது.

கடல் மாலத்தீவை எடுத்துக்கொண்ட பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்களில் சில இந்த மலையடிவாரத்தில் குடியேற்றப்பட்டிருந்தன. பெரியவர்கள் தூத்துக்குடிப் பக்கம் கடல்சுவர் கட்டும் வேலைக்குப் போய், மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் பள்ளி விடுதியில் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு நஷ்வாவும், முதல் வகுப்பில் இருந்த அவள் தம்பி ஷாயினும் கைகோத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். உலகம்மை கணக்கு டீச்சர். விடுதிக்கும் அவள்தான் பொறுப்பு. நஷ்வா கணக்கில் கெட்டிக்காரி. விடுதியில் அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. அவள் பெயருக்கு நேரே பச்சை தவிர வேறு நிறம் விழுந்ததே இல்லை.

அந்த வருடம் வேறொரு மாவட்டத்துப் பள்ளியில் ஒரு தீவுப் பையன் அருவிக்குப் போனவன் திரும்பவில்லை. முதல் நாள் அவனிடம் மூன்று ஆசிரியர்கள் நலம் கேட்டிருந்தார்கள். மூவரிடமும் நலம் என்றே சொல்லியிருந்தான். மூன்று பச்சைப் புள்ளிகளும் பதிவில் இருந்தன. அதன் பிறகுதான் குடியேறிய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் பணியாளர்கள் எல்லாருக்கும், டிரைவர் சமையல்காரர் உட்பட, மனநலப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

பயிற்சி கொடுக்க ஜூதிகா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். எல்லைக்கு அப்பால், வங்காளத்து முகத்துவாரத்தில் மூழ்கிப்போன ஊர் ஒன்றிலிருந்து சின்ன வயதில் குடியேறியவள். இயற்பியல் ஆய்வகத்தில் பணியாளர்களை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கொரு சின்னக் காந்தத்தைக் கையில் கொடுத்தாள். நகத்தளவுதான் இருந்தது. திறவுகல் என்றாள். காதின் பின்னால் வைத்து ஒரு தடவை தேய்த்தால் செவியிழை திறந்துகொள்ளும். மறுபடி தேய்த்தால் மூடும். சட்டப்படி இந்தப் பள்ளி வளாகத்துக்குள், இந்தப் பணியாளர்கள் மட்டும், தங்கள் இழையை மட்டும் திறக்கலாம். பிள்ளைகளுடையதைத் தொடக்கூடாது. ஊசியோ முள்ளோ வைத்து இழையை நோண்டினால் காதே போய்விடும் என்பதையும் சொன்னாள்.

தலைமை ஆசிரியர் சிதம்பரநாதன் கல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நிறுவனத்தின் தலைவர் நிதானம் இழக்கக்கூடாது, நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்குச் சட்டத்தின் மேல் பெரிய மரியாதை. கலவரங்களில் ஊர்கள் எரிந்த காலத்தைப் பற்றி அவர் தாத்தா சொல்லக் கேட்டிருந்தார். ஒரு வார்த்தை, அதைச் சொன்ன சூடு, அதற்குப் பதில் சூடு என்று பற்றிக்கொண்டு போனதாம். அதற்குப் பிறகுதான் நிதானச் சட்டம் வந்தது. பிள்ளைக்குக் காது குத்துவதற்கு முன்பே இழை வைத்துவிடுவார்கள். பேசுகிறவரின் சொல்லை அது அப்படியே கொண்டுவரும், சூட்டை வடித்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு அமைதியான குரலைக் கொடுத்துவிடும். மனிதரிடமிருந்து வரும், சொல்லாக இல்லாத சத்தத்தைக் கொண்டுவரவே கொண்டுவராது. கைக்குழந்தை அழுதால் மட்டும் தாயின் காதில் ஒரு மணி ஒலிக்கும். இரண்டு தலைமுறையாக நாட்டில் கலவரம் இல்லை. குழாயடிச் சண்டை என்ற சொல் பாடப்புத்தகத்தில் அருஞ்சொற்பொருளோடு இருந்தது.

"முதல்ல யாரும் பேச வேண்டாம்," என்றாள் ஜூதிகா. "சும்மா இருங்க. திறங்க."

உலகம்மை காதின் பின்னால் கல்லைத் தேய்த்தாள். முதலில் வித்தியாசம் தெரியவில்லை. மின்விசிறி, தகரத்தில் தூறல், எல்லாம் பழைய சத்தங்கள். பிறகுதான் அறைக்குள் வேறு ஏதோ இருப்பது தெரிந்தது. மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. ஒன்று இல்லை, பல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் மாடசாமியின் மார்பைப் பார்த்தாள். அது ஏறும்போது ஒரு சத்தம் ஏறியது. மூச்சு. மனிதர்கள் மூச்சு விடுவது வெளியே கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மாடசாமி தொண்டையைச் செருமினார். அறையில் பாதிப்பேர் திடுக்கிட்டார்கள். "ஏ யப்பா," என்றார். தன் குரலைத் தானே கேட்டுப் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். கரகரவென்று, வெயிலில் காய்ந்த பனையோலையை மிதித்ததுபோல இருந்தது அந்தக் குரல். இத்தனை வருடமாக இந்த மனிதரோடு பேசியிருக்கிறோமே, இவரோடா என்று உலகம்மைக்குத் தோன்றியது. தன் குரல் எப்படியிருக்கும் என்று அறிய அவள் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்தாள். அவள் அம்மா இறந்து பல காலம் ஆகியிருந்தது. அம்மாவின் உண்மைக் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் அது அம்மாவின் குரல்தான் என்று ஏனோ உறுதியாகத் தெரிந்தது. கண் கலங்கியது.

ஜூதிகா பேசினாள். வேற்று மொழி கற்பதை எல்லாரும் விட்டுவிட்ட காலத்தில் அவள் தமிழ் கற்றிருந்தாள். ழகரம் தடுமாறியது. தீவுகளில் இழை கிடையாது என்றாள். அந்தப் பிள்ளைகள் குரலோடு வளர்ந்தவர்கள். இங்கே கரையேறிய முகாமில்தான் அவர்களுக்கு இழை வைத்தார்கள்.

"அன்னைக்கு அவங்களுக்கு எல்லாரோட குரலும் ஒரே நேரத்துல நின்னுபோச்சு," என்றாள். "கடல் எடுத்தவங்க குரல் மட்டும் இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கவங்க குரலும்தான். எனக்கும் அப்படித்தான் ஆச்சு. எங்கம்மா பேசுறாங்க, ஆனா எங்கம்மா இல்ல. அத யார்கிட்டயும் சொல்ல முடியல. ஏன்னா நான் சொன்னாலும் நிதானமாத்தான் கேக்கும்."

முதலில் இழையைத் திறந்து குரலைக் கேளுங்கள், பிறகு மூடிச் சொல்லைக் கேளுங்கள் என்பதுதான் அவள் சொல்லிக்கொடுத்த முறை. மறுநாள் காலை உலகம்மை அப்படித்தான் வாசலில் நின்றாள்.

மைனாக்கள் காணாமல் போயிருந்தன. மைதானம் முழுக்க ஒரு பெரும் இரைச்சல், ஆற்றில் புதுவெள்ளம் வருவதுபோல. அத்தனையும் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்தது. தாங்கள் இவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு பையன் இன்னொருவன் முதுகில் தட்டிவிட்டு ஓடினான். அவன் வாயிலிருந்து துண்டு துண்டாக ஏதோ தெறித்தது. என்னவென்று புரிய உலகம்மைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது சிரிப்பு. சிரிப்பு என்பது முகத்தில் மட்டும் நடக்கும் காரியம் என்றே அவள் நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தாள்.

நஷ்வா தம்பியோடு வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, "ரங்களு," என்றாள். இத்தனை நாளும் 'நலம்' என்று காதில் விழுந்த அந்தச் சொல்லை உலகம்மை கேட்பது அதுவே முதல்முறை. சொல் முடியும் முன்பே அதைச் சொன்ன குரல் தீர்ந்துபோயிருந்தது. பலகையில் பச்சைப் புள்ளி விழுந்தது. உலகம்மை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தபோது அக்காளும் தம்பியும் கூட்டத்தோடு உள்ளே போயிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அது கேட்டது.

முதலில் ஏதோ மிருகம் என்று நினைத்தாள். நீளமாக எழுந்து, உச்சியில் உடைந்து, மறுபடி எழுந்தது. மலைக்காற்று எங்காவது ஓட்டைக் குழாயில் நுழைந்தால் இப்படிக் கேட்குமோ என்றும் பார்த்தாள். காற்று அவ்வளவு இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டபடி இருந்தார்கள். ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை. பஸ் அருகே நின்ற மாடசாமி மட்டும் கையிலிருந்த துணியோடு அசையாமல் நின்றார். அவரும் இழையைத் திறந்து வைத்திருந்தார்.

"உங்களுக்குக் கேக்கா டீச்சர்?" என்றார். "நாய் இப்பிடி அழாது."

இருவரும் சத்தம் வந்த பக்கம் போனார்கள். சமையல்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடைவெளி. மாடசாமி சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். உலகம்மை எட்டிப் பார்த்தாள். நஷ்வா மதிலைப் பார்த்தபடி நின்று, நெற்றியைக் கல்லில் வைத்து, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தம் ஒரு சின்ன உடம்புக்குள் இருக்க முடியும் என்பதை உலகம்மையால் நம்ப முடியவில்லை. பயத்தோடு கூடவே, கோயில் நடை திறக்கும்போது உடம்பில் ஓடுவது போன்ற ஒன்று அவளுக்குள் ஓடியது. கும்பிட வேண்டும் போல இருந்தது.

"நஷ்வா."

பெண் திரும்பினாள். டீச்சர் தன்னைத் தேடிக்கொண்டு வரவில்லை, சத்தத்தைக் கேட்டு வந்திருக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாய் மூடியது. பிறகு ஏதோ சொன்னாள். கடல் மொழி, வேகமாக, மேலே மேலே அலைமோதி வந்தது. அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: கொக்கோ, கொக்கோ. உலகம்மை குறுக்கிடவில்லை. குரல் ஓயும்வரை கேட்டாள். பிறகு கல்லைத் தேய்த்து இழையை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லும்மா என்றாள்.

இழை வழியாக அது இப்படி வந்தது: "நான் தினமும் இங்கே வந்து கத்துகிறேன். யாருக்கும் கேட்காது என்று தெரியும். என் தம்பிக்கு அவன் பிறந்ததிலிருந்து ஒரு ராகம் முனகித் தூங்க வைப்பேன். அதில் சொல் கிடையாது. இங்கே வந்த பிறகும் முனகுகிறேன். ஏன் வாயை மூடிக்கொண்டு பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிறான். நான் முனகுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறான். இப்போது அந்த ராகமே அவனுக்கு மறந்துவிட்டது. இன்று சாயங்காலம் அவன் இழையை எடுத்துவிடப் போகிறேன்."

அமைதியான, அழகான குரல். பஸ் நேரத்தை அறிவிக்கும் குரல் மாதிரி. இதைத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன் என்று உலகம்மைக்கு உறைத்தது. பெண்ணின் பாவாடைப் பையில் கை இருந்தது. மெதுவாக அதை வெளியே எடுக்கச் சொன்னாள். கணக்குப் பாடத்துக்கு அவளே வாங்கிக்கொடுத்த கவராயம். நஷ்வா அதன் முனையைச் சுவரில் தேய்த்துக் கூராக்கியிருந்தாள்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. பலகையில் சிவப்பை அழுத்த வேண்டும். வண்டி வரும். நஷ்வாவைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். தம்பி இங்கேயே இருப்பான். அவள் திரும்பி வரும்போது அவளுக்கும் அந்த ராகம் மறந்திருக்கும். உலகம்மை பலகையை மாடசாமியிடம் கொடுத்தாள்.

"முதல் வகுப்புல ஷாயின் இருப்பான். கொஞ்சம் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி," என்றாள்.

மாடசாமி பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

பையன் சோற்றுக்கையோடு வந்தான். உலகம்மை மண்டியிட்டு அவன் காதின் பின்னால் திறவுகல்லை வைத்துத் தேய்த்தாள். அக்காளுடையதையும் திறந்தாள், தன்னுடையதையும் திறந்துகொண்டாள். சமையல்கூடத்தில் யாரோ பாத்திரத்தை உருட்டிவிட்டு, அடச்சே என்று கத்தினார்கள். பையன் அந்தப் பக்கம் திரும்பிப் பயந்துபோய் அக்காளின் பாவாடையைப் பிடித்தான்.

"கொக்கோ," என்றாள் நஷ்வா. தம்பியைக் கூப்பிடும் சொல்லாம். பிறகுதான் உலகம்மைக்குத் தெரிந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். நஷ்வா கீழே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து அந்த ராகத்தை எடுத்தாள். முதலில் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகியிருந்தது. இரண்டாம் முறை வந்தது. தாழ்வாக, ஒரே இடத்தில் அசைந்து அசைந்து நின்றது, கரையில் கட்டிய படகு மாதிரி. பையன் மூச்சை நிறுத்திக் கேட்டான். பிறகு ஓர் இடத்தில், அவள் எடுக்கும் முன்பே, அடுத்த சுரத்தை அவன் எடுத்தான். மறந்திருக்கவில்லை. அவனுக்குள் அது இருந்திருக்கிறது.

மாடசாமி மதில் பக்கம் திரும்பி, தோள் குலுங்க நின்றிருந்தார். அவர் அழும் சத்தமும் கேட்டது. உலகம்மை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஈரத் தரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கவராயம் அவள் மடியில் கிடந்தது.

மாணவர் இழை திறக்கப்பட்ட செய்தி தானாகவே அலுவலகத்துக்குப் போய்விட்டது. மறுநாள் காலை தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். உலகம்மை போய் நின்றாள். இழையை மூடவில்லை. வேலை போனாலும் போகட்டும், அவர் சொல்வதை அவர் குரலிலேயே கேட்டுக்கொள்வோம் என்று இருந்தது.

சிதம்பரநாதன் விதிகளைச் சொன்னார். யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். ஒரு ஆசிரியை இப்படிச் செய்தால் நாளைக்கு ஊரே திறந்துகொள்ளும், அதன் பிறகு யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தக் குரல் அவள் எதிர்பார்த்ததாக இல்லை. மெலிந்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் கொஞ்சம் உயர்ந்து, அங்கேயே தயங்கித் தயங்கி நின்றது. அவர் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியிலிருந்து எல்லாரும் துட்டி கேட்கப் போனபோது, நடந்தது நடந்துபோச்சு, நம்ம கையில என்ன இருக்கு என்றார். எவ்வளவு நிதானமான மனுஷன் என்று பேசிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

அவள் காதைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினார்.

"தெறந்துதான் வச்சிருக்கீங்களா?"

"ஆமா சார்."

மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கிய தாள்களை மறுபடியும் அடுக்கினார். "எம் பேச்சு எப்படி இருக்கு?" என்றார்.

நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிடலாம். உலகம்மைக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

"யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்குத மாதிரி இருக்கு சார்," என்றாள்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மூச்சு ஒரு தடவை தடுக்கி, மறுபடி ஓடியது. உலகம்மை நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து திறவுகல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இதை எந்தப் பக்கம் தேய்க்கணும் என்று கேட்டார்.

அறிக்கையில் அவர் எதையும் மறைக்கவில்லை. விதி மீறப்பட்டது என்று எழுதினார். மீறாதிருந்தால் ஒரு பையன் காதை இழந்திருப்பான், ஒரு பெண் என்ன ஆகியிருப்பாள் என்று தெரியாது என்றும் எழுதினார். கடைசியில், இந்தப் பயிற்சி பணியாளர்களோடு நிற்பதில் பயனில்லை, வாரத்தில் ஒரு மணி நேரமாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இழையைத் திறந்துவிட அனுமதிக்க வேண்டும், நடப்பதற்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உலகம்மைக்கு எச்சரிக்கை ஆணை வந்தது. அக்காள் தம்பி இருவருக்கும் மாலையில் இழை திறக்க மருத்துவ அனுமதி வந்தது. பள்ளிக்கான அனுமதிக்கு மட்டும் சாரல் போய், ஐப்பசி மழையும் ஓயும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அனுமதி வந்த வெள்ளிக்கிழமை ஜூதிகாவும் வந்திருந்தாள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆசிரியர்கள் ஒவ்வொரு காதாகத் திறந்துகொண்டே போனார்கள். திறந்த பிள்ளை அப்படியே நின்றது. மைதானத்தில் முந்நூறு பேரும் பேசாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தீவுப் பிள்ளைகள்தான் முதலில் பேசினார்கள். பிறகு யாரோ தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், சிரித்த பெண்ணே பயந்துபோய் நிறுத்தி, மறுபடி சிரித்துப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஒருவர் குரலை ஒருவர் கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். சிதம்பரநாதன் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதாவது நடந்துவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது.

அப்போது முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடைப் படியில் தடுக்கி விழுந்தாள். முட்டியில் நல்ல அடி. வாய்விட்டு அழுதாள்.

படிக்கு முதுகைக் காட்டி நின்ற பிள்ளைகள்தான் அங்கே அதிகம். யாருக்கும் அவள் விழுந்தது தெரியாது. அழுகை என்றால் எப்படி இருக்கும் என்று, தீவுப் பிள்ளைகள் தவிர, அவர்களில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அது என்ன சத்தம் என்று அவர்களுக்குப் பெயர் சொல்லத் தெரியாது. உலகம்மை ஓடுவதற்காக அடியெடுத்து வைத்தாள், வைத்த அடியோடு நின்றாள்.

மைதானம் முழுவதும் திரும்பியது. மூலைமூலையிலிருந்து பிள்ளைகள் அந்தச் சத்தத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.